கொம்புக் கூரைக்குப் பின்பக்கம்

முன்வாசலை விட்டுவிடுவோம். அதை எல்லோரும் படம் பிடித்தாயிற்று. எருமைக் கொம்பு மாதிரி வானத்தைப் பார்த்து வளைந்த கூரை, அங்குலம் விடாமல் செதுக்கிய பலகைச் சுவர், பின்னால் மேகத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கும் எரிமலை. 2012ல் ‘பட்ஜெட் டிராவல்’ என்ற அமெரிக்கப் பத்திரிகை உலகின் அழகான கிராமங்கள் வரிசையில் இந்த ஊரையும் சேர்த்தது; முன்வாசலுக்கு அதுவே போதும். நாம் போகப்போவது வீட்டைச் சுற்றிக்கொண்டு, கோழிக்கூடு தாண்டி, விறகுக் குவியல் தாண்டி, புகை கிளம்புகிற இடத்துக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். உள்ளே பத்துப் பெண்கள் இருக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கைக்கு எட்டாத ஓர் இரும்புச் சட்டி இருக்கிறது. நாளைக்கு இந்த வீட்டில் கல்யாணம்!

ஊர் பரியாங்கான். இந்தோனேசியாவின் மேற்கு சுமத்ராவில், தானா டாடார் மாவட்டத்தில், 2,891 மீட்டர் உயரமுள்ள மராப்பி எரிமலையின் சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மினாங்கபாவு மக்களின் தாய்க் கிராமம் இதுதான் என்பது ‘தம்போ’ என்ற அவர்களுடைய பழங்கதை மரபு சொல்லும் சேதி. உலகம் முழுக்கத் தண்ணீராகக் கிடந்தபோது மராப்பி ஒரு முட்டை அளவுக்கு மட்டும் தலைகாட்டியதாம். மூதாதையர் அங்கே வந்து இறங்கினார்களாம். தண்ணீர் வடிய வடிய மலை வளர, அவர்கள் சரிவில் இறங்கிக் குடியிருந்த முதல் ஊர் பரியாங்கான். ஊர் என்பதற்கு அவர்களுடைய சொல் ‘நகரி’. கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. தெருவோரக் கடைக்கு இங்கேயும் கடை என்றே பெயர்! தமிழ்நாட்டிலிருந்து கடலேறிப் போய் மலாய் மொழிகளில் குடியேறிவிட்ட சொல் அது.

சமையல்கட்டை ஆள்பவரை எல்லோரும் ‘எத்தே’ என்கிறார்கள். அம்மாவின் தங்கை முறை, நம்மூர் சித்தி. மணப்பெண்ணுக்கு அவர் சித்தி என்பதால் ஒரு மணி நேரத்தில் எனக்கும் சித்தியாகிவிட்டார். அவருக்கு முன்னால் துருவிய தேங்காய் குன்றாகக் குவிந்து கிடக்கிறது. பிழிந்த பால் ஒரு வாளி, இரண்டு வாளி, மூன்றாவது வாளியும் வந்துகொண்டிருக்கிறது. சிவப்பு மிளகாய் விழுது, சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, பேரரத்தை. தட்டிப்போட்ட எலுமிச்சைப் புல். குடம்புளிக்குச் சொந்தக்காரப் புளி ஒன்று. முடிச்சுப் போட்ட மஞ்சள் இலை. ஆமாம், கிழங்கு அல்ல, இலை! பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டிவிட்டு மறுநாள் நாம் தூக்கிப் போடுகிறோமே, அந்த இலைதான் இங்கே சட்டியின் உயிர். அது விழுந்ததும் எழும்பிய மணத்தில் நான் கையில் வைத்திருந்த குறிப்பேட்டை மறந்தேன்.

எண்ணெய் ஒரு சொட்டுக்கூட ஊற்றுவதில்லை. தேங்காய்ப்பால் கொதித்துக் கொதித்துத் தானே எண்ணெய் பிரியும். அந்த எண்ணெயிலேயே கறி வறுபடும். நீர்க்க இருக்கும்வரை அதன் பெயர் குலாய். சுண்டிப் பழுப்பேறிக் கெட்டிப்பட்டால் காலியோ. அங்கே நிற்காமல், தீயைத் தணித்துக் கிளறிக்கொண்டே இருந்தால் கறுத்து, உலர்ந்து, மினுமினுப்போடு கடைசியில் வருவதுதான் ரெண்டாங். வெளியூர் உணவகங்களில் ரெண்டாங் என்று தட்டில் வைப்பது பாதி இடங்களில் காலியோதான் என்று எத்தே சொன்னபோது சட்டியைச் சுற்றியிருந்த பத்துப் பேரும் ஒருசேரத் தலையாட்டினார்கள். சரியாகச் செய்த ரெண்டாங் வாரக்கணக்கில் கெடாது. ஊரை விட்டுப் பிழைக்கப் போகிற பிள்ளைக்கு அம்மா கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு அது.

“எவ்வளவு நேரம் ஆகும் எத்தே?”

“ராத்திரி ஆயிடும் பிள்ளை. நீ போய்ச் சுத்திப் பார்த்துட்டு வா. ஆனா கடைசியில இங்க இருக்கணும். கடைசிதான் முக்கியம்.” சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை.

சட்டி குலாயாகக் கொதிக்கட்டும். நாம் ஒரு படி ஏறி வீட்டுக்குள் போவோம்.

‘ரூமா கடாங்’ என்றால் பெரிய வீடு. முன்பாதி தடுப்பே இல்லாத நீளக் கூடம். பின்பாதியில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். விருந்தாளிகள் கூடத்தில் உட்கார்ந்து கூரையைப் பார்ப்பார்கள். நான் அறைகளைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். புதிதாகக் கல்யாணமானவளுக்குச் சமையல்கட்டிலிருந்து மிகத் தள்ளியுள்ள கோடி அறை. அவள் தங்கைக்குக் கல்யாணம் ஆகும்போது இவள் ஓர் அறை நகர்ந்து இடம் கொடுப்பாள். அடுத்த தங்கைக்கு ஆனால் இன்னும் ஓர் அறை. இப்படி நகர்ந்து நகர்ந்து அடுப்பை ஒட்டிய அறைக்கு வந்து சேரும்போது நெல், நிலம், சாவி எல்லாவற்றைப் பற்றியும் கேட்கப்படுகிற ஆளாக ஆகியிருப்பாள். ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையும் கோடி அறையிலிருந்து அடுப்பு வரைக்குமான இருபது முப்பது அடி தூரத்தில் நடந்து முடிகிறது. எத்தனை கண்ணியமான பயணம்! எத்தேயின் அம்மா அந்தக் கடைசி அறையில் இருக்கிறார். அவரிடம் கேட்காமல் இந்தக் கல்யாணத்துக்கு நாள்கூடக் குறிக்கவில்லை.

ஆண்பிள்ளைகளுக்கு? அறையே கிடையாது. அந்தக் காலத்தில் ஏழெட்டு வயதானால் பையன்கள் இரவில் ‘சூராவ்’ என்ற தொழுகைக்கூடத்துக்குப் படுக்கப் போய்விடுவார்கள். குர்ஆன் ஓதுவது, ‘சீலெக்’ என்ற தற்காப்புக் கலை, சபையில் பேசும் முறை எல்லாம் அங்கேதான் கற்றார்கள். வளர்ந்ததும் ‘மராந்தாவ்’, அதாவது ஊரை விட்டுப் போய்ச் சம்பாதித்து, பார்த்து, படித்துத் திரும்புதல். இன்று பையன்கள் வீட்டிலேயே தூங்குகிறார்கள். வீடும் பெரும்பாலும் செங்கல், சிமெண்ட் வீடு. ஆனால் மராந்தாவ் நிற்கவில்லை. இந்தோனேசியாவின் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் மாகாணத் தலைநகர் பாடாங்கின் பெயரில் ஒரு சாப்பாட்டுக் கடை இருப்பதற்கு இதுவே காரணம். இந்த மலைநாட்டிலிருந்து இறங்கிப் போன பிள்ளைகளில் ஒருவர்தான் 1902ல் புக்கிட்திங்கியில் பிறந்து நாட்டின் முதல் துணை அதிபரான முகம்மது ஹத்தா. பெண்களையும் மறக்கக்கூடாது. கோட்டோ கடாங்கைச் சேர்ந்த ரொஹானா குடூஸ் 1911ல் பெண்களுக்குக் கைத்தொழில் பள்ளி நடத்தி, 1912ல் ‘சூந்திங் மலாயூ’ என்று பெண்களுக்காகவே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். மணப்பெண் தலையில் வைக்கும் ஆபரணத்தின் பெயரை ஒரு பத்திரிகைக்கு வைத்த அந்தத் துணிச்சலை நினைத்தாலே எனக்கு உற்சாகம் பொங்குகிறது.

மினாங்கபாவு மக்கள் உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகம். உறுதியான முஸ்லிம்கள், அதே உறுதியோடு தாய்வழி. பிள்ளைகள் அம்மாவின் குலத்தைச் சேர்ந்தவர்கள். ‘சூக்கு’ என்ற அந்தக் குலத்துக்குள்ளே கல்யாணம் கூடாது. ‘பூசாகோ திங்கி’ எனப்படும் பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும், விற்க முடியாது. அடகு வைக்கலாம், அதற்கும் மரபு நான்கே நான்கு காரணங்களை ஒப்புக்கொள்கிறது. வீட்டில் பிணம் கிடந்து அடக்கத்துக்கு வழியில்லாதபோது. பெரிய வீடு ஒழுகும்போது. வயது வந்த பெண்ணுக்குத் துணை தேட வேண்டியபோது. குலத்தலைவர் பட்டம் சூட்ட ஆளிருந்தும் செலவுக்குப் பணமில்லாமல் கிடக்கும்போது. நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி பற்றித் தெரிந்தவர்களுக்கு இது காதுக்குப் பழகிய சங்கதியாக இருக்கும். ஆனால் இங்கே சொத்து மகளின் கையில், பட்டம்தான் மருமகனுக்கு, அதாவது அக்கா, தங்கை மகனுக்கு. ஒருவர் தானே உழைத்துச் சேர்த்தது தனிக்கணக்கு; அது இஸ்லாமிய முறைப்படி பிள்ளைகளுக்குப் பிரியும்.

அம்மாவின் சகோதரனுக்கு என்ன பெயர் தெரியுமா? ‘மாமக்’ என்று எழுதுகிறார்கள். கடைசி ‘க்’ தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். காதில் விழுவது ‘மாமா’தான்! அந்த மாமாதான் அக்கா, தங்கை பிள்ளைகளுக்குப் பொறுப்பு. அவர்களுடைய படிப்பு, கல்யாணம், வழக்கு எல்லாவற்றிலும் முன்னால் நிற்பவர். சுவரில் பெரணியின் சுருண்ட தளிர் மாதிரி ஒரு செதுக்கல் இருந்தது. அதற்கு ஓர் ஆண் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மருமகனைக் கைபிடித்து நடத்த வேண்டும் என்று பொருள் சொல்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு செதுக்கல்: ‘சாயங்காலம் வீடு திரும்பும் வாத்துகள்’. அலையலையாக, ஒன்றன்பின் ஒன்றாக. ஐந்து மணிக்கு வெளியே எட்டிப் பார்த்தால் வயல் வரப்பில் அதே வரிசை, அதே வளைவு, நிஜ வாத்துகள்.

கணவன் கதை வேறு. அவர் இந்த வீட்டுக்கு வந்துபோகிறவர். எரிந்த மரத்தின் அடிக்கட்டையில் படிந்த சாம்பல் போல என்று பழைய பேச்சு ஒன்று அவரைப் பற்றிச் சொல்லும், காற்றடித்தால் போயிற்று. ஆனால் மரியாதையில் குறைவில்லை. ஓர் ஆண் கல்யாணமாகும் நாளில் அவனுடைய குலம் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் தருகிறது. அன்று முதல் மாமியார் வீட்டில் யாரும் அவனைச் சிறுவயதுப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். நாளைய மாப்பிள்ளைக்கும் அப்படி ஒரு பெயர் தயாராக இருக்கிறது. எனக்குச் சொன்னார்கள். நாளைக்குச் சபையில் சொல்லும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று கையடித்து வாங்கிக்கொண்டார்கள், அதனால் இங்கே எழுதவில்லை.

வெளியே வந்தால் வீட்டு முற்றத்தில் ‘ரங்கியாங்’ என்ற நெற்குதிர்கள். குட்டி ரூமா கடாங் மாதிரி கொம்புக் கூரையோடு கால்களில் நிற்கின்றன. கதவு எங்கே என்று சுற்றிச் சுற்றி வந்தேன். கதவே கிடையாது! கூரைக்குக் கீழே உச்சியில் ஒரு சின்னத் திறப்பு, ஏணி வைத்து ஏறித்தான் நெல் போட வேண்டும், எடுக்க வேண்டும். ஒவ்வொரு குதிருக்கும் பெயர் உண்டு, வேலை உண்டு. ‘கடலை எட்டிப் பார்ப்பவன்’ என்ற ஒல்லிக் குதிரின் நெல் விற்பதற்கு. உப்பு, துணி, விசேஷச் செலவு அதிலிருந்து. ஆறு கால் குண்டுக் குதிர் அன்றாடச் சோற்றுக்கு. மூன்றாவதன் பெயர் ‘சி தாங்குவாங் லாப்பா’, பசியைச் சுமப்பவன். பஞ்சத்துக்கும் ஊரில் இல்லாதப்பட்டவர்களுக்கும் ஒதுக்கிய நெல் அதில் கிடக்கும். பசிக்கென்று ஒரு குதிரைத் தனியாகக் கட்டி, அதை வீட்டு முகப்பிலேயே நிறுத்தி, அதற்குப் பெயரும் வைத்த மக்களை நான் எப்படிக் கொண்டாடாமல் இருப்பது?

வீட்டின் கால்களையும் குனிந்து பாருங்கள். தூண்கள் மண்ணில் புதைக்கப்படவில்லை. தட்டைக் கற்களின் மேல் சும்மா நிற்கின்றன. மரத்தை மரத்தில் கோத்து, மர ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். பூமி ஆடும்போது வீடும் கூட ஆடும், பிறகு நின்றுவிடும். 2009 செப்டம்பர் 30ல் பாடாங்கை உலுக்கிய நிலநடுக்கத்தில் 1,100 பேருக்கு மேல் இறந்த மாகாணம் இது. இந்தத் தூண்கள் அழகுக்காக அப்படி நிற்கவில்லை. கூரை முன்பு கறுத்த பனைநார் வேய்ந்தது, இப்போது பெரும்பாலும் தகரம். தரையில்கூட அரசியல் இருக்கிறது! கூடத்தின் இரு முனைகளிலும் தரை மேடாக உயர்ந்திருந்தால் அது படிநிலையை ஏற்ற கோட்டோ பிலியாங் மரபு. தரை ஒரே மட்டமாக இருந்தால் எல்லோரும் சமமாக உட்காரும் போடி சானியாகோ மரபு. இரண்டும் அண்ணன் தம்பிகளான இரு தலைவர்கள் வகுத்த வழிகள் என்பார்கள். முதுகுத்தண்டு வழியே ஒரு சமூகத்தின் வாதத்தை உணர வேண்டுமானால் இந்தத் தரைகளில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பிற்பகல் தூறல் தொடங்கியதும் ஒரு சின்னக் கொட்டகைக்கு ஓடினோம். அங்கே ‘காவா டாவுன்’ கிடைத்தது. காப்பிக் கொட்டை அல்ல, காப்பி இலை! இலைகளைக் குச்சியில் கோத்து நெருப்புக்கு மேலே புகையில் வாட்டி, நொறுக்கி, கொதிநீரில் ஊறவைத்து, பாதித் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றித் தருகிறார்கள். சிரட்டை சாயாமல் இருக்க மூங்கில் வளையம். புகை வாசனை, தேநீர்த் துவர்ப்பு, கூடக் கடிக்கச் சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜியின் உறவுக்காரர் ஒருவர். சிரட்டைக்குள் ஒரு கதையும் இருக்கிறது. 1847 முதல் டச்சுக்காரர்கள் இந்த மலைகளில் காப்பியைக் கட்டாயமாக வளர்க்க வைத்தார்கள். கொட்டை முழுதும் அரசாங்கக் கிடங்குக்கு. வளர்த்தவர்களுக்கு மிஞ்சியது இலை. அந்த இலையில் இத்தனை ருசியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1908ல் கட்டாயக் காப்பி நின்று அதற்குப் பதில் வரி வந்தபோது காமாங்கிலும் மாங்கோப்போவிலும் மக்கள் எழுந்தார்கள். மாங்கோப்போவில் முன்னால் நின்றவர் ஒரு பெண், சித்தி மாங்கோப்போ.

ஆண்கள் அடைகிற இடம் ‘லாப்பாவ்’, ஊர்த் தேநீர்க் கடை. டோமினோ அடிக்கும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். அங்கே பின்பக்கம் போய் ‘தே தாலுவா’ போடுவதைப் பார்த்தே தீர வேண்டும். முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரையும் கிளாஸில். வெள்ளையாக நுரைத்துப் பொங்கும்வரை அடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், கை வலிக்க அடிக்கிறார்கள். அதன்மேல் கொதிக்கக் கொதிக்கக் கடுந்தேநீர் மெல்லிய தாரையாக இறங்குகிறது. நுரை மேலே ஏற, தேநீர் அடியில் தங்க, நடுவில் மங்கலாக ஓர் அடுக்கு. ஓர் எலுமிச்சைப் பிழிவு. முட்டை வாடை துளியும் இல்லை. நான் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

லாப்பாவில் அன்று முழுக்க மாட்டுப் பேச்சு, ஏனென்றால் அதற்கு முந்தைய சனிக்கிழமை பக்கத்தில் ‘பாச்சு ஜாவி’ நடந்திருந்தது. பரியாங்கான், லிமோ காவும், ரம்பாத்தான், சுங்கை தராப் என்ற நான்கு வட்டாரங்களும் முறைவைத்து நடத்தும் சேற்று மாட்டோட்டம். அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் நிறுத்தி, இரண்டு காளைகளுக்கு நடுவே மூங்கில் ஏர்ச்சட்டத்தில் ஒருவர் வெறுங்காலோடு நின்று, இரண்டு வால்களையும் பிடித்துக்கொள்கிறார். வேகம் போதாவிட்டால் வாலைக் கடிக்கிறார்! நானே பார்த்தேன். சேறு ஆளுயரம் எழும்புகிறது, அதற்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெளியே வருகிறது. இதில் யாரும் யாரோடும் போட்டி போடுவதில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஒரு நேரத்தில் ஒரு ஜோடிதான். நேராக ஓடுகிற மாட்டுக்கு மதிப்பு. வளைந்து போய்ப் பார்வையாளர்கள் மடியில் விழுகிற மாட்டுக்குக் கைதட்டல். நேராக ஓடியதை அன்றே விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். அந்த விலை பேசும் விதம்! விற்பவரும் வாங்குபவரும் கைகுலுக்குவது போல் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு துணியைப் போட்டு, உள்ளே விரல்களால் பேசுகிறார்கள். இதற்கு ‘மரோசோக்’ என்று பெயர். முகத்தில் ஒரு சலனம் கிடையாது. நம்மூர் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடிக்கும் தரகர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஆயிரம் மைலுக்கும் அப்பால் அதே துணியும் அதே மௌனமும் கண்ணில் பட்டால் எப்படி இருக்கும்? அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். துணிக்குள் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அதற்குத்தானே துணி.

இந்த மண் ஏன் இப்படி விளைகிறது என்று கேட்டால் எல்லோரும் ஒரே திசையில் முகவாயைத் தூக்குவார்கள். மராப்பி. அதன் சாம்பல்தான் வயலுக்கு உரம், அதன் சூடுதான் பள்ளிவாசலை ஒட்டிய வெந்நீர் ஊற்று. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி குளிப்பிடம். விடியற்காலையில் பாட்டிகள் தோள்வரை மூழ்கி ஊர்க்கதை பேசுகிறார்கள், ஆவிக்குள் குரல் மட்டும் கேட்கிறது. அதே மலை 2023 டிசம்பரில் வெடித்தபோது ஏறப் போயிருந்த 24 பேர் திரும்பி வரவில்லை. 2024 மே மாதப் பெருமழையில் சரிவில் கிடந்த சாம்பலும் பாறையும் வெள்ளத்தோடு இறங்கி, சுற்றுவட்டாரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. எத்தே அந்த இரவைப் பற்றி இரண்டு வாக்கியம்தான் சொன்னார், பிறகு சட்டியைக் கிளறினார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று, இதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. இங்கிருந்து வெகுதூரமில்லாத சுருவாசோவில் பாறையைக் குடைந்து வெட்டிய பழைய வாய்க்கால் ஒன்று உண்டு. ‘பண்டார் பாபகாத்’, உளியால் செதுக்கிய கால்வாய். 14ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டை ஆண்ட ஆதித்யவர்மன் காலத்துக் கல்வெட்டு அதில் இரண்டு எழுத்துகளில் வெட்டப்பட்டது. ஒன்று உள்ளூர் எழுத்து, மற்றது நம் தென்னாட்டுக் கிரந்தம்! கிரந்தம் படிக்கத் தெரிந்தவர்கள் அன்று இந்த மலைமேல் இருந்திருக்கிறார்கள். இன்று எழுத்துகள் தேய்ந்து மங்கிவிட்டன. அந்தக் கால்வாய் வேலையைத் தொடங்கியவர் ஆதித்யவர்மனுக்கு முன்னவரான ஆகாரேந்திரவர்மன். அவரை ஆதித்யவர்மனின் தாய்மாமன் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். மாமன் தொடங்கியதை மருமகன் முடித்துவைத்தான் என்றால், எத்தே வீட்டுச் சுவரில் இருக்கும் பெரணித் தளிருக்கு வயது என்ன என்று யோசியுங்கள்.

இருட்டியபோது திரும்பினோம். சட்டி காலியோவாகியிருந்தது. கிளறும் கைகள் மாறியிருந்தன, எத்தே மட்டும் மாறவில்லை.

கோடி அறையில் மணப்பெண்ணைச் சுற்றி அத்தைகளும் சித்திகளும். இது ‘மாலாம் பாயினாய்’, மருதாணி இரவு. இடித்த மருதாணியை மூத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் விரல் நுனிகளில் அப்புகிறார்கள், காதில் ஏதோ சொல்கிறார்கள், அவள் ஒரு தடவை சிரிக்கிறாள், ஒரு தடவை அழுகிறாள். கட்டிலின் மேல் ‘சூந்தியாங்’ இருக்கிறது: பொன்னிறப் பூக்கள் அடுக்கடுக்காக விசிறிபோல் விரியும் கிரீடம். என்னைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள். சில கிலோ இருக்கும். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு பூவையும் தனித்தனியாகக் கொண்டையில் குத்துவார்களாம். இப்போது ஒரே அமைப்பாகச் சூட்டிவிடலாம். நாளைக்கு முழுக்க இதோடு நிமிர்ந்து உட்கார வேண்டிய கழுத்தை ஒரு பெரியம்மா இப்போதே எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிருந்தார்.

முற்றத்தில் பையன்கள் ‘ரண்டாய்’ ஒத்திகை. வட்டமாக நின்று ஆடும் நாடகம், சீலெக் அடவுகளோடு. முழங்காலுக்குக் கீழே வரை தொங்கும் அகலக் கால்சட்டை போட்டிருக்கிறார்கள். காலை அகட்டி, இரு காலுக்கும் நடுவே தொங்கும் துணியை விறைப்பாக இழுத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்தால், டம்! கால்சட்டையே முழவு! பதினைந்து பேர் ஒரே நொடியில் அடிக்கும்போது நெஞ்சுக்குள் அதிர்கிறது. ஒரு சின்னப் பையன் ஒவ்வொரு முறையும் அரை நொடி பிந்தினான். எட்டாவது முறை சரியாக விழுந்தது. வட்டம் முழுக்கக் கூவியது, நானும் கூவினேன்.

கூடத்தில் அந்நேரம் இருதரப்பு மாமன்மாரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார்தான் போய் மாப்பிள்ளை கேட்பார்கள். நாளைக்கு அவரை அழைத்துவருவதும் இவர்களே. அழைப்பதற்கு எத்தனை மணிக்கு, யார் யார், எந்த வெற்றிலைப் பெட்டியோடு என்பதை நேரடியாகச் சொல்லாமல், சொல்லை மடித்து மடித்து, ஒருவர் முடித்ததைப் பணிவோடு திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் தொடங்கும் சடங்குப் பேச்சு. ஓர் இடத்தில் பேச்சு நின்றது. எத்தேயின் அண்ணன் எழுந்து, யாரும் பார்க்காத மாதிரி, கூடத்தைக் கடந்து அடுப்பை ஒட்டிய அந்தக் கடைசி அறைக்குள் போனார். உள்ளே பாட்டி. இரண்டு நிமிடம். திரும்பி வந்து உட்கார்ந்தார். பேச்சு அதே நயத்தோடு தொடர்ந்தது. வந்திருந்தவர்கள் தலையசைத்தார்கள். சபைக்கு முன்னால் நிற்கிற சொல் எங்கிருந்து வந்தது என்பது கூடத்தில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்காது. நான் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தேன், எனக்குத் தெரிந்தது.

நள்ளிரவு தாண்டி எத்தே என் தோளைத் தொட்டு எழுப்பினார். “வா பிள்ளை, கடைசி.”

ரெண்டாங் முடிந்திருந்தது. கறுப்பு, ஆனால் விளக்கு வெளிச்சத்தில் உள்ளிருந்து சிவப்பு. துண்டு துண்டாக எடுத்து நாளைய பந்திக்கு அண்டாவில் அடுக்கி மூடியாயிற்று. சட்டி காலி. காலியா? அடியில், சுவரில் ஒட்டிக்கொண்டு, கறிவேப்பிலைப் பொடி நிறத்தில் உதிரியாக, எண்ணெய் மின்ன, ஒரு பொருக்கு. ‘டெடாக்’ என்றார்கள். அரை நாள் தேங்காய்ப்பாலும் மிளகாயும் மஞ்சளிலையும் வற்றி வற்றி மிஞ்சிய சாரம். இது பந்திக்குப் போகாது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் போகாது. கிளறியவர்களுக்கு மட்டும்.

எத்தே சூடான சோற்றை அள்ளிச் சட்டிக்குள்ளேயே கொட்டினார். பத்துப் பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கடைசி அறையிலிருந்து பாட்டியும் வந்துவிட்டார். மருதாணி உலராத விரல்களைக் காற்றில் நீட்டிக்கொண்டு மணப்பெண்ணும் வந்து நின்றாள்; அவளுக்கு அவள் அம்மா ஊட்டினார். நெய் காய்ச்சின சட்டியில் சோறு போட்டுப் பிசைந்து என் பாட்டி உருட்டித் தந்த உருண்டை நாக்கில் நினைவு வந்தது. எத்தே நகர்ந்து தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.